சம்பளத்துக்குச் சொல்கிற வார்த்தை

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து "எலிகன்ட்" என்று சொன்ன அன்று நான் பயந்தேபோனேன்.

நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் கரித்துணி. தலையில் வழிய வழிய எண்ணெய். நைட்டியின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கிழிந்த கையை நானே தைத்தேன், அதனால் அப்படி. இந்தக் கோலத்தில் இருப்பவளை ஒருவர் எலிகன்ட் என்றால், ஒன்று அவருக்குப் பார்வை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஆயுள் முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டாவதுதான் தோன்றியது. போன வாரம்தான் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்தது இவர்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லிடுங்க."

"எந்த டாக்டர்?"

"எத்தனை நாள்னு சொன்னார்?"

"எதுக்கு எத்தனை நாள்?"

"எனக்குத்தாங்க! எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் கொஞ்சம் கம்மி. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்."

"அப்ப ஏன் நான் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு எங்க சொன்னேன்? எலிகன்ட்னு சொன்னேன்."

"அது என்ன வியாதி?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அன்று முழுவதும் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நம்ப முடியுமா?

நான் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அவர் பார்க்கும் வேலையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அவர் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருக்கிறார். ஊர் ஊராகக் கிளை உள்ள கடை. அங்கே துணி எடுத்துப் போடுவதற்கு ஆள் உண்டு, மடிப்பதற்கு ஆள் உண்டு, பில் போட ஆள் உண்டு. இவர் அதில் எதுவும் இல்லை. தரைத்தளத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. வாங்க வந்தவர்கள் துணியைப் போட்டுக்கொண்டோ தோளில் போர்த்திக்கொண்டோ அதற்கு முன்னால் வந்து நிற்பார்கள். இவர் டை கட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார். அவர்களைப் பார்த்து ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்வார். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. எந்தத் துணிக்கு எந்த வார்த்தை என்று அங்கே ஒரு கணக்கு உண்டு. கைக்குட்டை, துண்டு என்றால் "நீட்". ஆம்பளைச் சட்டைக்கு "ஸ்மார்ட்". குழந்தைகள் பிரிவு முழுவதும் "க்யூட்"தான். எந்த அளவும் பத்தாமல் திணறுகிறவர்களுக்கு "கிரேஸ்ஃபுல்". வயதுக்கு மீறிய நிறத்தை எடுத்துக்கொண்டு தயங்குகிற பெண்களுக்கு "சார்மிங்". சாயம் மங்கி மூலையில் கிடக்கிற சரக்கை யாராவது தெரியாமல் எடுத்துவிட்டால் "கிளாஸ்". பட்டுக்கு "எலிகன்ட்". கல்யாணப் புடவைக்கு "கிளாமர்". எல்லாவற்றுக்கும் மேலே "கார்ஜியஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதை மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் எடுப்பார். பெரிய நோட்டு மாதிரி.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தினமும் சாப்பிடும்போது அவர் சொல்வதுதான். "இன்னைக்கு ஒரு அம்மாவுக்கு சார்மிங் போட்டேன் பாரு, ரெண்டு எடுத்துட்டாங்க" என்பார், ஏதோ ஊசி போட்ட டாக்டர் மாதிரி.

ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"எப்படிங்க இருக்கு?"

"இப்பத்தானே டியூட்டி முடிஞ்சு வந்திருக்கேன்?"

"ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"கசாப்புக்கடைக்காரன் வீட்டுக்கு வந்தும் வெட்டுவானா?"

அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். கடைப் பக்கமும் போனதில்லை. வேலை நேரத்தில் வீட்டு ஆட்கள் வந்து பேசக் கூடாது என்று அங்கே சட்டம். காலுறை விற்கிற ஒருவரின் மனைவி சாவியைக் கொடுக்க வந்து நாலு வார்த்தை பேசியதற்கு அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்களாம். இதை இவர் வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துவார். நான் போகிறேன் என்று சொல்லாத போதும் ஞாபகப்படுத்துவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் எலிகன்ட் என்றால் நான் நாடியைப் பிடித்துப் பார்க்காமல் என்ன செய்வேன்?

இரண்டு நாள் போனது. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"கிரேஸ்ஃபுல்."

"யாரு?"

"நீதான்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"கிரேஸ்ஃபுல்னா... கிரேஸ்ஃபுல்தான். அதெல்லாம் தமிழ்ல வராது."

"எலிகன்ட்டுக்கு?"

"அதுவும் வராது. நீ பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ, உனக்குச் சொன்னாப் புரியாது."

அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை காலம் அர்த்தம் தெரியாமலே ஊரில் உள்ளவர்களை எல்லாம் அழகாக்கியிருக்கிறார். சரி, போகட்டும். அர்த்தம் தெரியாவிட்டாலும் காதுக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தேன்.

அதற்கடுத்து "சார்மிங்" வந்தது. அது வந்த நேரம் மிக முக்கியமானது.

என் தங்கை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். என்னிடம் வெளியே கட்டிக்கொண்டு போக ஒரு புடவைதான் உருப்படி. காப்பிக் கலர். எங்கள் குடும்பத்தில் கொஞ்ச காலமாக நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான் போனது. நான் அதற்குள் இருந்தேன், அவ்வளவுதான். போன மாதம் தங்கை பத்திரிகை வைக்க வந்தபோது நேராகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஆல்பத்தை எல்லாம் வரிசையா வெச்சுப் பார்த்தா, நீ ஒரே நாள்ல நாலு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு. இந்தத் தடவை எனக்காக வேற ஏதாவது கட்டிட்டு வா. என் சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாத்தையும் கவனிக்கிறவங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் கல்யாணத்தில் என்னைப் பக்கத்தில் நிறுத்தவே அவளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன். அதனால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இவரிடம் போனேன்.

"என்னங்க, கல்யாணத்துக்கு ஒரு புடவை..."

"அடடா! இப்ப அப்படியே நில்லு. திரும்பாதே. சார்மிங்!"

"சும்மா இருங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். சார்மிங்."

"போங்க!" என்று சொல்லிவிட்டு நான் வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்த பிறகுதான், புடவை கேட்கப் போனது ஞாபகம் வந்தது.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் உலகத்தையே அளவெடுத்து வைத்திருப்பவள். அவளிடம் போய்க் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இவர் இப்படியெல்லாம் சொல்கிறார் என்று.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா, முதல் வார்த்தை சொன்ன அன்னைக்கு நீங்க அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேட்கலையே. அடுப்பு ஒரு பக்கம் எரியல, ரிப்பேர் பண்ணணும்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்."

"அடுப்பு இப்ப எரியுதா?"

"இல்ல."

"ரெண்டாவது வார்த்தை?"

"குழாய் ஒழுகுதுன்னு..."

"ஒழுகுறது நின்னுச்சா?"

நான் அவள் மெஷினில் தொங்கிய நூலை விரலில் சுற்ற ஆரம்பித்தேன்.

"என் வீட்டுக்காரர் என்னை 'மகாராணி'ன்னு கூப்பிட்டா, அவங்க அம்மா ஒரு மாசம் தங்க வர்றாங்கன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ்ல செய்றார். அவ்வளவுதான் வித்தியாசம்."

மாடிப்படி ஏறி வீட்டுக்கு வந்தேன். கோபம் இல்லை. நான் கோபப்பட்டுப் பழக்கமில்லாதவள், கவலைப்பட்டுத்தான் பழக்கம். ஆனாலும் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டு மின்விசிறிக்கு ஒரு குறையும் கிடையாது. சாயங்காலம் அதை அண்ணாந்து பார்த்தேன்.

"என்னங்க, இந்த ஃபேன்..."

"க்யூட்!" என்றார்.

குழந்தைகள் பிரிவுக்கு இறங்கிவிட்டார். சரக்கு தீர்ந்துவருகிறது என்று புரிந்தது.

அன்று சாப்பாடு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கு எனக்குப் புதுப் புடவை வேணும். எந்த வார்த்தையும் சொல்லாம பதில் சொல்லுங்க."

அவர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம்.

"இந்தா பாரு. கிளாமர் புடவையில இல்ல, கட்டறவங்ககிட்ட இருக்கு. அந்தக் காப்பிக் கலர்ல உனக்கு ஒரு கிளாஸ் இருக்கு."

"கிளாஸ்னா மூலையில கிடக்கிற சரக்குக்குச் சொல்றதுன்னீங்களே?"

"அது கடையில."

"கடையில 'இந்தப் புடவை கட்டினாத்தான் அழகு'ன்னு சொல்வீங்க. வீட்டுல 'அழகா இருக்கே, புடவை எதுக்கு'ன்னு கேட்கறீங்க. ரெண்டுல எதுங்க உண்மை?"

"ரெண்டும் உண்மை. அங்க வாங்கறது வேற ஆளு."

இதைச் சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். அப்புறம் பேச்சை மாற்றினார். மேனேஜர் இப்போதெல்லாம் நிழலைப் பார்த்தாலே நடுங்குகிறாராம். ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டு எல்லாவற்றையும் கவனித்துவிட்டுப் போகிறார்களாம். பக்கத்து ஊர்க் கிளையில் நாலு பேர் வேலை போய்விட்டதாம். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "அங்க வாங்கறது வேற ஆளு" என்பதிலேயே நின்றுவிட்டேன்.

வேற ஆளாகப் போனால்?

மறுநாள் காலையில் தையல்காரியிடம் சொன்னேன்.

"நான் கடைக்குப் போகப் போறேன். வாடிக்கையாளரா. கண்ணாடிக்கு முன்னால நின்னு, அவர் என்ன சொன்னாலும் வேண்டாம்னு சொல்லப் போறேன். என்னைத் தெரியும்னு அவரால சொல்ல முடியாது, சட்டம் இருக்கு. மேனேஜர்கிட்ட நாலு திட்டு வாங்கட்டும். சாயங்காலம் தானா வழிக்கு வருவார்."

"அக்கா! உங்களுக்கு அவ்வளவு தைரியமா?"

"இல்ல. நேத்து ராத்திரி முழுக்க வாந்தி வர்ற மாதிரியே இருந்துச்சு."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீ சிரிச்சிடுவே."

காப்பிக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வேறு எதைக் கட்டுவது? பஸ்ஸில் போகும்போது அடுப்பை அணைத்தேனா என்று ஒரு கவலை. அணைக்காவிட்டாலும் பாதிதானே எரியும் என்று ஒரு சமாதானம்.

கடைக்குள் நுழைந்ததுமே எனக்குப் படபடப்பாகிவிட்டது. பெரிய இடம். வாசல்படியில் தண்ணீர் சிந்திக் கிடந்தது.

"இதை யாரும் துடைக்க மாட்டாங்களா? யாராவது வழுக்கி விழுந்தா என்ன ஆகறது?" என்று காவலாளியிடம் கேட்டேன். மனது கேட்காது எனக்கு. உள்ளே தலைக்கு மேலே ஒரு பெரிய சரவிளக்கு லேசாக ஆடியது. அதற்கு நேர் கீழே நிற்காமல் சுற்றிப் போனேன். சுவரில் தீயணைக்கிற சிவப்பு வாளி மாட்டியிருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே மண் இல்லை, தேநீர்க் கோப்பைகள்தான் கிடந்தன.

"அம்மா தாயே, இத்தனை துணி இருக்கிற இடத்துல தீப்பிடிச்சா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போது மாடிப்படி உச்சியிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், கையைக் கையைப் பிசைந்துகொண்டு. என் வீட்டுக்காரர் சொன்ன அடையாளமேதான். மேனேஜர்.

நான் புடவைப் பிரிவுக்குப் போய், கிடைத்ததில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் சிரித்த முகத்தோடு திரும்பினார். என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும் போய்விட்டது.

"ஏய்! இங்க என்ன பண்றே?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"புடவை பார்க்க வந்தேன். ஏங்க, இந்தக் கடையில பார்க்கக் கூடாதா?" என்று நான் உதடு அசையக் கேட்டேன்.

"வீட்டுக்குப் போ! மேனேஜர் வர்றார்!"

மேனேஜர் வந்தேவிட்டார். "என்னய்யா முணுமுணுக்கிறே? மேடத்துக்குக் கேட்கல. சத்தமா சொல்லு."

இவர் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "நீ... நீட் மேடம்."

"நீட்டா? அது கைக்குட்டைக்குச் சொல்றது இல்லையோ?" என்றேன்.

மேனேஜர் கையைப் பிசைவது நின்றது.

"ஸ்மார்ட் மேடம்."

"அது ஆம்பளைச் சட்டைக்கு."

"கிரேஸ்ஃபுல்..."

"அளவு பத்தாதவங்களுக்குச் சொல்வாங்களே, அதுவா? புடவைக்கு அளவு ஏதுங்க?"

அப்போது மேனேஜரைப் பார்த்தேன். அவர் நெற்றியில் வேர்வை துளித்துளியாக நின்றது. என் காப்பிக் கலர் புடவையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு வாளியைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு குனிந்தார்.

"மேடம்... உட்காருங்க மேடம். யாருப்பா அங்க, நாற்காலி! வாளியை எடுத்து அப்பால வை! மேடம், ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. என்னை ஹெட் ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் யார் என்று கேட்பார். யார் என்று சொன்னால் இவருக்கு வேலை போகும். பொய் சொல்லவும் எனக்கு வராது.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்னுதாங்க நானும் கவலைப்படறேன்" என்றேன்.

அது உண்மைதான். நான் எல்லாரையும் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

"மேல கல்யாணப் பிரிவுல இருக்கிறதை எல்லாம் கீழ கொண்டு வாங்க!" என்று மேனேஜர் கத்தினார்.

வந்து குவிந்தன. அதில் ஒன்று, கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மெல்லிய பொன் கரை. அதைத் தோளில் போட்டதும் கண்ணாடியில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கே நகர மனசில்லை.

"சொல்லுய்யா!" என்றார் மேனேஜர்.

"கிளாமர் மேடம்" என்றார் இவர். அழுகிற குரல்.

"வார்த்தை சரிதான். ஆனா இவர் என்னைப் பார்க்கவே இல்லையே, தரையைப் பார்த்துச் சொல்றாரே" என்றேன்.

"பார்த்துச் சொல்லுய்யா!"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமான பிறகு அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது அன்றுதான். என்ன தோன்றியதோ, திடீரென்று மெதுவாக, "நல்லா இருக்கு" என்றார்.

"இங்கிலீஷ்ல சொல்லுய்யா!" என்று மேனேஜர் அலறினார்.

"கார்ஜியஸ் மேடம்! கார்ஜியஸ்!"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வார்த்தையை எடுத்தேவிட்டார், பெரிய நோட்டை.

"மேடம், உங்க அபிப்பிராயம்?" என்றார் மேனேஜர். "எங்க ஸ்டாஃப் எப்படி? எதுவா இருந்தாலும் வெளிப்படையா சொல்லிடுங்க. நடவடிக்கை எடுத்துடறேன்."

இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. வேலை, சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக நின்றன. எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் என் அடுப்பும் குழாயும் கூட வரிசையில் நின்றன.

"ஆளு நல்லவர்தான். வேலையில குறை சொல்ல முடியாது" என்றேன். இவருக்கு உயிர் வந்தது. "ஆனா எனக்கு ஒரே ஒரு கவலை."

உயிர் போனது.

"சொல்லுங்க மேடம்!"

"ஊருக்கெல்லாம் இவ்வளவு வார்த்தை சொல்றாரே, இவர் சம்சாரத்துக்கு இந்தக் கடையில ஒரு புடவையாவது எடுத்துக் கொடுத்திருக்காரா? தன் வீட்டுக்கே எடுக்காதவர் நல்லா இருக்குன்னு சொன்னா, வர்றவங்க எப்படி நம்புவாங்க?"

மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் திரும்பினார்.

"எடுத்திருக்கியா?"

"சார், அது வந்து... அவளுக்குப் புதுசு பிடிக்காது சார்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றேன் நான்.

"அவ ரொம்பச் சாதாரணமானவ சார். இந்தக் கிளாமரை எல்லாம் தாங்க மாட்டா."

"தாங்குவாங்க. கொடுத்துப் பாருங்க."

"மேடம் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்!" என்று மேனேஜர் மேஜையைத் தட்டினார். "இந்தக் கத்தரிப்பூப் புடவையை இவர் சம்சாரத்துக்குப் பில் போடுங்க! சம்பளத்துல பிடிச்சுக்குங்க! இன்னைக்குச் சாயங்காலமே கொண்டுபோய் அந்த அம்மா கையில கொடுக்கறே. புரிஞ்சுதா?"

"சார்..."

"குடோனுக்குப் போறியா?"

"புரிஞ்சுது சார்."

மேனேஜர் என் பக்கம் குனிந்தார். "மேடம், உங்களுக்கும் ஒண்ணு... எங்க அன்பளிப்பா..."

"ஐயோ, வேண்டாங்க! சும்மா வாங்கினா எனக்குத் தூக்கம் வராது."

"அதானே பார்த்தேன். அதே கண்டிப்பு!" என்று கண் கலங்கினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். வாசல்படியைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நிஜமான ஹெட் ஆபீஸ் அம்மா நாளைக்கு வந்துவிட்டால்? யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால்? இவர் கோபத்தில் பஸ்ஸைத் தவற விட்டு, நடந்தே வந்து, வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? தையல்காரி சிரித்துச் சிரித்து ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். எனக்கு அந்த விரலைப் பற்றியும் கவலை.

சாயங்காலம் இவர் வந்தார். டை ஒரு பக்கமாகத் தொங்கியது. கையில் பை. அதை என் மடியில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சந்தோஷமா?"

"கோபமாங்க?"

"கோபமா! ஒரு மாசச் சம்பளத்துல பாதியை வெட்டிட்டே!"

"அடுப்பைச் சரி பண்ணியிருந்தா நான் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனே."

அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார்.

"நான் மட்டும் சும்மா இருந்தேன்னு நினைச்சியா? நீ போனதும் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன்."

பை என் மடியிலிருந்து நழுவியது. "போய்?"

"உண்மையைப் போட்டு உடைச்சிட்டேன். 'சார், பில்லை ரத்து பண்ணுங்க. அது ஹெட் ஆபீஸ் இல்ல, என் சம்சாரம்'னு சொல்லிட்டேன்."

"ஐயையோ! வீட்டு ஆளு வந்தா குடோன்னு சொல்லுவாரே! வேலை போச்சா? இதுக்கா போய் வேலையை விடுவீங்க? இதைத் திருப்பிக் கொடுத்துடுங்க, எனக்கு வேண்டாம்..."

"வேலை போகல."

"அப்ப பில்லை ரத்து பண்ணிட்டாரா?"

"பண்ணல."

"ஏன்? என்ன சொன்னார்?"

இவர் டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"என்னைத் தலையிலேருந்து கால்வரைக்கும் பார்த்தார். அப்புறம், 'இன்னொரு தடவை இப்படிச் சொல்லி அந்த மேடத்தைக் கேவலப்படுத்தாதே'ன்னுட்டார்."